முதலாளியின் சரக்கு

“இது என்னன்னு நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க.”

மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து கோணிப்பையை இழுத்துக் கவிழ்த்தாள். பதினோரு பேனா ஸ்டாண்டுகள் தரையில் உருண்டன. காலி பால்பவுடர் டப்பாவில் கம்பளி நூலைச் சுற்றி, ஜோடி சேராத இரண்டு பொத்தான்களைக் கண்ணாக ஒட்டிய ஸ்டாண்டுகள். எல்லாம் அவர்கள் மகள் செய்தவை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டுத்தெருவில் வீடு வீடாகப் படியேறி அவளே விற்றுவிட்டு வந்தவை.

மில்காரர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். மில்காரர் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். கொஞ்ச காலமாக வேலை செய்யும் இடத்திலேயே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறுகிறார். குளித்தும் அலுப்பு போனபாடில்லை. கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு ஒரு பொய்யை யோசித்துச் சொல்லக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

நல்லவேளை, பொய்யையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

“அவ வித்ததை எல்லாம் நீங்க காசு கொடுத்துத் திரும்ப வாங்கிட்டு வந்தீங்களா?”

“ஆமா,” என்றார்.

அப்புறம் கேட்கவா வேண்டும், பிடித்துக்கொண்டாள். மூன்று மாதமாகச் சம்பளம் குறைகிறதே என்று பார்த்தால் சங்கதி இதுதானா என்றாள். ஊரார் துணியை இஸ்திரி போட்டுப் போட்டு என் கை காய்த்துப் போச்சு, அறுந்த செருப்புக்கு நீங்க ஊக்கு குத்திட்டுப் போறீங்க, இந்த லட்சணத்தில் வீட்டுக்குப் பொம்மைக் கடை கேட்கிறதா என்றாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான், அதுக்காகச் சம்பளத்தையா கொண்டுபோய்க் கொட்டுவாங்க என்றாள். ஒரு ஸ்டாண்டில் டீக்கறை, இன்னொன்றுக்கு ஒரு கண்ணைக் காணோம். காசு கொடுத்து வாங்கினதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளக்கூடத் துப்பில்லை என்று அதற்கும் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவள் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அவர் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து மகள் பள்ளிக்கூடப் பையோடு உள்ளே வந்தாள். பத்து வயது. வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு முதலாளி என்று பெயர். அதற்கு முன்னால் வகுப்பில் ‘உள்ளேன்’ சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும் பிள்ளை. முதல் டப்பாவை மேட்டுத்தெரு டாக்டரம்மா வாங்கிக்கொண்ட அன்றைக்கு நிமிர்ந்த தலை இன்னும் குனியவில்லை. அது குனிந்துவிடக் கூடாது என்பதுதான் மில்காரருக்கு இருந்த ஒரே கவலை.

முதலாளி தரையில் கிடந்த சரக்கைப் பார்த்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை.

“அவங்களுக்குப் பிடிக்கலையாப்பா? திருப்பிக் கொடுத்துட்டாங்களா?”

மில்காரர் பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“யார் சொன்னா? ஒருத்தரும் தர மாட்டேன்னுட்டாங்க. டாக்டரம்மா கதவையே சாத்தப் பார்த்தாங்க. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தேன். எம்பொண்ணு செஞ்சது நம்ம வீட்டுலயும் இருக்கட்டுமேன்னு ஒரு ஆசை.”

மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டப்பாக்களைப் பொறுக்கி ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தாள்.

முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் அடுத்த நிமிடமே கணக்குப் பேசினாள். வித்த பொருளை வீட்டு ஆளே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தால் அது வியாபாரமா என்று கேட்டாள். பதினோரு வீட்டுக்கும் புதிதாகச் செய்து, காசு வாங்காமல் கொடுத்துவிட்டு வரப்போகிறாளாம். வேண்டாம் கண்ணு, விட்டுடு என்று அவர் சொல்லிப் பார்த்தார். முதலாளி கேட்டால்தானே.

“அங்க போய் என் பேச்சை எடுக்காதே, என்ன?” என்றார் கடைசியில்.

“நீங்க கெஞ்சினதை நான் வாயைத் திறந்து சொல்ல மாட்டேன்பா. உங்க மானத்தை வாங்குவேனா?”

அந்த வாரம் முழுக்க வீடு நூலும் பசையுமாகக் கிடந்தது. அம்மாவே தன் பழைய ஸ்வெட்டரைப் பிரித்துக் கொடுத்தாள். இஸ்திரி முடிந்த கையோடு உட்கார்ந்து பொத்தானும் தேடினாள். மில்காரர் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவும் முடியவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதலாளி பதினோரு வீடும் ஏறி இறங்கி வந்து, எல்லாரும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு அசதியில் அப்படியே தூங்கிப்போனாள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மில்காரர் எப்போதும்போலக் கிளம்பினார். மில்லுக்கு அல்ல. ஆள்குறைப்பு என்று மில்லில் கணக்கை முடித்து அனுப்பி மூன்று மாதமாகிறது, வீட்டில் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. மேட்டுத்தெரு முனையில் விசிலை ஊதி, குப்பை வண்டியை டாக்டரம்மா வீட்டு வாசலில் நிறுத்தித் தொட்டியைத் திறந்தார். காய்கறித் தோலுக்கும் டீத்தூளுக்கும் நடுவிலிருந்து ஒரு பொத்தான் கண் அவரைப் பார்த்தது.

எடுத்துத் துடைத்தார். டப்பாவுக்குள் முதலாளியின் குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘எங்க அப்பா வந்து எவ்வளவு கெஞ்சினாலும் இதைக் கொடுத்துடாதீங்க.’