சிங்கம் போட்ட பட்டன்

“எங்கப்பா உனக்கும் அப்பாவா?” கடப்பாக்கம் உலகநாதன் சீறினார். “அவரு நாப்பத்தி நாலுலயே பர்மா சண்டையில செத்துட்டாரு. சொத்துல பங்கு கேட்டு வந்தியா?”

கோவளத்து ரேணுகா பழைய மிலிட்டரிச் சட்டையை நீட்டினாள். “அவரு போட்டது.”

பழைய பட்டன்கள் சேர்ப்பதில் பைத்தியமான உலகநாதன், பித்தளையைத் தேய்த்துப் பார்த்துச் சிரித்தார். “வெள்ளக்காரன் பட்டன்ல கிரீடம் இருக்கும். இதுல சிங்கம் கீது. நம்ம சர்க்காரு சிங்கம் வந்ததே ஆயிரத்தி தொள்ளாயிரத்தி அம்பதுக்கு அப்புறம். செத்தவரு எப்டி இதப் போட்டிருப்பாரு?”

“பங்கு கேக்க வரல அண்ணாத்த. அவரே வெளிய ஆட்டோவுல குந்திகினு கீறாரு. இனிமே நீ வச்சி சோறு போடு.”

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த அம்மா, ஐம்பது வருடமாகப் பொட்டு வைக்காதவள், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தாள்.