மன்னிப்பு ஒத்திகை

"இன்னும் குனி, நுகாகா. செருப்பு தேடுற மாதிரி இருக்கு, மன்னிப்புக் கேக்குற மாதிரியே இல்ல" என்றார் எங்கள் விண்வெளி மைய இயக்குநர் செங்கோகு என்னிடம்.

சிறுகோளுக்குப் போன எங்கள் விண்கலம் பற்றி நிருபர்களைச் சந்திக்கும் முன், அவரும் நானும் இன்னொரு பொறியாளரும் கறுப்புக் கோட்டில் ஒத்திகை பார்த்தோம். என் பட்டப்படிப்பில் இதற்குப் பாடம் இருக்கவில்லை.

"சார், நான் அழலாமா?" என்றேன்.

"தாராளமா அழு. ஆனா நிமிர்ந்ததும் அழு, கேமராவுல தெரியணும். அமைச்சர் மனசு இரங்கலைன்னா அடுத்த விண்கலம் கிடையாது."

மேடையில் ஒன்றாகக் குனிந்தோம். டோக்கியோ நிருபர்கள் கனத்த முகத்துடன் எழுதிக்கொண்டார்கள். ஊருக்குப் புதிதான ஜெர்மன் நிருபருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

"விண்கலம் மோதி உடைஞ்சிருச்சா?"

"இல்லங்க, பூ மாதிரி இறங்கிச்சு."

"கல் எடுக்கலையா?"

"நினைச்சதவிட ரெண்டு மடங்கு எடுத்திருச்சு."

"அப்புறம் எதுக்கு மன்னிப்பு?"

செங்கோகு மறுபடியும் குனிந்தார், ஒத்திகையைவிட ஆழமாக.

"சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே இறங்கிருச்சுங்க. அதைத் திரையில பாக்க வந்த அமைச்சர் அப்போ பாத்ரூம்ல இருந்தார்."