கம்பெனி வண்டிக்கு வரி

முதலில் கழுதை சடையனின் ஓய்வுநாளைப் பறித்தார்கள். அடுத்து, லாடச் செலவென்று கூலியாகத் தரும் கொள்ளில் பாதியைப் பிடித்தார்கள். மூன்றாவதாக, நரி முதலாளி ஒரு வண்டியைக் கொண்டுவந்து அதன் கழுத்தில் பூட்டினார்.

"கம்பெனி கொடுக்கிற சலுகை, சடையா. சலுகைன்னா வரி உண்டு. மிச்சக் கொள்ளுல பிடிச்சுக்கறோம்."

"இழுக்கிறது நான், உட்கார்றது நீங்க. வரி எனக்கா, மொதலாளி?"

"வண்டி போற இடமெல்லாம் நீயும்தானே போற?"

மிச்சமும் போனால் பட்டினிதான். "ஊரைக் கூட்டுங்க! வண்டியை அனுபவிக்கிறது யாருன்னு கம்பெனிக் கணக்குல இருக்கிறதை எல்லார் முன்னாடியும் கணக்கர் வாசிக்கட்டும்" என்று சடையன் கத்தியது.

ஆடு, மாடு, கோழியெல்லாம் சாட்சிக்கு வந்தன. முதலாளி மெத்தையில் சாய்ந்தபடி வந்தார். இழுத்து வந்தது சடையன்தான். கணக்கர் காக்கை தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தது:

"கம்பெனி வண்டியில் தினமும் போய்வருகிறவர், திருவாளர் சடையன்."