மலையாண்டியின் கார்டு

'மன்னிக்கவும். இந்தக் கார்டு காலாவதியாகிவிட்டது' என்றது ஏ.டி.எம். திரை.

தமிழ்வாணி கார்டை உருவித் திருப்பிப் பார்த்தாள். அதே வங்கி, அதே நீல நிறம். ஆனால் அத்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கே. மலையாண்டி என்று இருந்தது.

யார் இந்த மலையாண்டி?

நிமிர்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற செக்யூரிட்டியின் சட்டையில் பெயர்ப் பட்டை: கே. மலையாண்டி.

சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறவளுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வெளியே கே.கே. நகர் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. எங்கோ வெடித்த இலவங்காயின் பஞ்சு தெருவெல்லாம் பறந்தது. செக்யூரிட்டியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் தங்கை முத்துமீனா அத்தை ஒவ்வொரு பஞ்சாகப் பிடித்து மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் படியில் விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அத்தை இப்படித்தான். காலையில் தெளிவாக இருப்பாள். வெயில் ஏற ஏறக் கனவுக்குள் நடக்கிறவள் மாதிரி ஆகிவிடுவாள். ஆள் அடையாளம்கூடத் தப்பும். வலிப்பு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. மாமா இறந்தபின் வருகிற பென்ஷன்தான் அவளுக்கு எல்லாம்.

அதில் ஒருத்தன் கை வைப்பதா?

"அண்ணே, இங்க வாங்க. இது யார் கார்டு?"

மலையாண்டியின் முகம் வெளிறியது. "என்னோடதுதான் பாப்பா."

"எங்க அத்தை பைக்குள்ள எப்படி வந்துச்சு?"

"நான்தான் குடுத்தேன்."

"கேட்டுக்கங்க எல்லாரும்! விவரம் தெரியாதவங்களுக்கு உதவுற மாதிரி நடிச்சு, கார்டை மாத்திக் குடுக்கிறது. பேப்பர்ல தினமும் வருது. நம்ம தெருவுலயே இருக்கு பாருங்க!"

பக்கத்து ஜூஸ் கடை வெள்ளைத்துரை எட்டிப் பார்த்தார். "ஏண்ணே, பூனை மாதிரி இருந்துக்கிட்டு இம்புட்டு வேலை பாத்திருக்கீகளா?"

"மெதுவாப் பேசுங்க பாப்பா. அம்மா பயந்துக்குவாங்க."

"அடேயப்பா, என்னா அக்கறை! அவங்களுக்காகக் கேக்க ஆள் இல்லைன்னு நெனச்சீங்களா? நான் இருக்கேன். அத்தையோட கார்டு எங்க?"

"பேங்க்ல வெட்டிப் போட்டாச்சு."

"யாரைக் கேட்டு?"

மலையாண்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். "சொல்ல மாட்டேன்னு அம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

தமிழ்வாணிக்கு ரத்தம் கொதித்தது. ரகசிய எண்ணாகத் தமிழ்வாணி பிறந்த வருடத்தையே வைத்த அத்தை! 'எதை மறந்தாலும் இது மறக்காதுல்ல ஆத்தா' என்று சிரித்த அத்தை! போன மாதம் ஹெட்போனுக்குக் கொடுத்த மாதிரியே, இன்றும் காலேஜ் டூருக்குப் பணம் கட்டணும் என்றதும், ஒரு வார்த்தை கேட்காமல் பையைத் திறந்து கார்டை நீட்டிய அத்தை! அப்படிப்பட்ட வெள்ளை மனசுக்காரியை ஏமாற்ற இவனுக்கு எப்படித் துணிச்சல் வந்தது?

போனை எடுத்தாள். "போலீஸ்ல வந்து சொல்லுங்க உங்க வாக்கை."

"ஐயோ வேணாம் பாப்பா. வேலை போயிரும். ஊர்ல, எழுமலையில, ரெண்டு புள்ளைக படிக்குது." மலையாண்டி ஒருமுறை அத்தையைத் திரும்பிப் பார்த்தான். அவள் பஞ்சை ஊதி விட்டுக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் ஒருநா அம்மா மாத்திரை வாங்க வந்தாங்க. மெஷின்ல போட்டா கணக்குல பணமே இல்லை. மருந்துக் கடை வாசல் வரைக்கும் போயிட்டு, சும்மாத் திரும்பினாங்க. அன்னிக்கு ராத்திரி வலிப்பு வந்துச்சு இல்ல?"

வந்தது. ஆஸ்பத்திரி வாசலில், 'நேரத்துக்கு மாத்திரை போட்டா என்ன?' என்று அத்தையைத் திட்டியதுகூட தமிழ்வாணிக்கு நினைவிருந்தது.

"உடம்பு தேறுன மறுநா காலையிலயே பேங்குக்கு வந்தாங்க. நல்ல தெளிவா, கார்டை நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்தாங்க. இனி அவங்களே நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பணம். வெளிய வந்து என்கிட்ட, 'மலையாண்டி, செத்துப்போன கார்டு ஏதும் வச்சிருக்கியா'ன்னு கேட்டாங்க. என்னோட பழைய கார்டைக் குடுத்தேன்."

"செத்த கார்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"அதுதான் பாப்பா நான் சொல்லக் கூடாதது."

"சரி, மாத்திரைக் காசைக்கூட விடாம எடுத்தது யாரு? பேரைச் சொல்லுங்க. நான் சும்மா விட மாட்டேன்!"

மலையாண்டி தொப்பியின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைத்துரை திடீரென்று மிக்ஸியைக் கழுவப் போய்விட்டார்.

தமிழ்வாணி நாற்காலியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அத்தை, நீங்களே சொல்லுங்க. யாரு உங்க பணத்தை எடுத்தது?"

முத்துமீனா அவளை உற்றுப் பார்த்தாள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வழியில் யாரோ ஒரு நல்ல பெண்ணைப் பார்த்ததுபோல முகம் மலர்ந்தது. மடியிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, காதருகே குனிந்தாள்.

"எங்க அண்ணன் மகதாம்மா. கேட்டா இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது. அதான், மெஷினே சொல்லட்டும்னு விட்டுட்டேன். அவ வந்தா நீ ஒண்ணும் சொல்லிராத, என்ன? புள்ள மொகம் வாடிரும்."