முத்தில்லாத முகம்

ராசிபுரத்தில் படம் பிடிக்கும் கடையின் கண்ணாடிக் கூரை வழியாக உச்சிவெயில் இறங்குகிறது. மாரக்காள் படத்தை வெயிலுக்கு நேரே பிடிக்கிறாள், சாய்க்கிறாள், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கிறாள். "இது எம்புள்ள இல்லீங்க." போன தேர்த் திருவிழாவில் மகளை எடுத்த படம், ஆடியில் அந்தப் பெண் போய்ச் சேர்ந்துவிட்டாள். "உங்க சாலம்மாதான் அம்மிணி" என்கிறார் படக்காரர் அருணகிரி. "அப்பறம் ஆத்தா போட்ட முத்தெல்லாம் எங்கீங்க? ஆரூட்டுப் புள்ளையக் காட்டி ஏமாத்தறீங்க?" அம்மைத் தழும்புகளை, படம் அச்சிடுமுன் அது பதிந்த கண்ணாடித் தகட்டில் பென்சிலால் மறைத்தவர் அவர்தான். எல்லா முகத்துக்கும், யாரும் கேட்காமலே, அழகுக்காகச் செய்வது. இப்போது தூரிகையில் மையைத் தொட்டுக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறார். மாரக்காள் அவரை நம்பாத கண்களை மூடிக்கொள்கிறாள். மகளுக்கு வேப்பிலை தடவிய விரல் தன் கன்னத்திலேயே ஊர்ந்து தேடுகிறது. "இங்க ஒண்ணு. மூக்கோரமா ரெண்டு." அவர் படத்தில் புள்ளி வைக்க வைக்க, யாரோ ஒரு பெண் சாலம்மாளாகிறாள். சுவர் நிறைய அவர் வழவழப்பாக்கிய முகங்கள். நடுவில் மாலை போட்ட மனைவியின் படம். அவளுக்கும் ஒரு தழும்பு உண்டு. எந்தக் கன்னத்தில் என்று அருணகிரிக்கு நினைவு வரவில்லை.