கொட்டகை ஜன்னல்

கணவன் இறந்தபின் அவளுக்கு வந்த முதல் குளிர்காலம் அது. விறகை அடுக்கிக் கொடுக்கக் காலையிலேயே வந்துவிடுவதாகத் தம்பி சொல்லியிருந்தான். கொட்டகைக்குள் கட்டை உருளும் சத்தம் கேட்டதும் அவள் வெளியே போய், வாசலில் குவிந்துகிடந்த விறகை ஒவ்வொன்றாக எடுத்துச் சின்ன ஜன்னல் வழியே நீட்டினாள். உள்ளே இருட்டிலிருந்து ஒரு கை வாங்கிக்கொண்டது.

“வந்ததும் வராததுமா வேலையில இறங்கிட்டியே, ஒரு வாய் டீ குடிச்சிருக்கலாம்ல?”

கை அடுத்த கட்டைக்காக நீண்டது. அக்கா மேல் என்ன கோபமோ என்று நினைத்துக்கொண்டு மளமளவென்று எடுத்துக் கொடுத்தாள். குவியல் கரைந்துபோனது.

கடைசிக் கட்டையை அவள் கையில் எடுத்தபோது, கேட்டைத் தள்ளிக்கொண்டு தம்பி ஓடிவந்தான்.

“தப்பா நினைச்சுக்காதக்கா, பஸ்ஸை விட்டுட்டேன்!”

அவன் போய்க் கொட்டகைக் கதவைத் திறந்தான். தரையிலிருந்து கூரை வரை, கதவை ஒட்டி விறகு நிறைந்திருந்தது. தடித்தவை அடியில், பட்டை மேலே பார்த்தபடி, அவள் கணவன் அடுக்குகிற மாதிரியே. உள்ளே ஒரு ஆள் நிற்க இடமில்லை.

“தனி ஆளா நீயே எல்லாத்தையும் அடுக்கிட்டியாக்கா?”

அவள் ஜன்னலுக்குப் போய்க் கட்டையை நீட்டினாள். மறுமுனையை யாரோ பிடித்தார்கள். கனம் மெல்லக் குறைந்தது. அவள் தன் பிடியை விடவில்லை.