அபிதாவின் புதுக் கடிகாரம்

முதுகெலும்பு வாதத்தில் கழுத்தும் இறுகிப்போன பட்டாபிராமனால் மனைவி அபிதாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது. கண்ணில் படுவதெல்லாம் அவளுடைய புதுக் கடிகாரம்தான்.

தினமும் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். பேசமாட்டாள். கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். சரியாக ஒரு நிமிஷம். உடனே சேலையூர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

"வாட்ச் யார் வாங்கினது?"

"கூட வேலை பார்க்கற சிட்டிபாபு சார்தான் வாங்கிண்டு வந்தார்."

அவர் தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

தாம்பரத்து டாக்டரிடம் அவள் எதிரிலேயே கொட்டிவிட்டார். "என்னோட ஒரு நிமிஷம் உட்கார முடியலை டாக்டர் இவளுக்கு. வாட்சையே பார்த்துண்டிருக்கா. யாருக்குக் காத்திண்டிருக்காளோ."

டாக்டர் அபிதா கொடுத்த நோட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "இந்த வாதம் உங்க இதயத் துடிப்பையும் தடுமாற வைக்குது சார். தினமும் எண்ணி எழுதச் சொன்னேன். தெரிஞ்சா பயத்துல துடிப்பு ஏறிடும்னு உங்ககிட்ட மறைச்சதும், செகண்டு முள் வச்ச வாட்ச் வாங்கச் சொன்னதும் நான்தான்."

மறுநாள் காலை அபிதா கையைப் பிடித்தாள். நிமிஷம் முடிந்தது.

"எவ்வளவு?"

"நாப்பத்தெட்டு."

"தப்பா எண்ணிட்டே," என்றார் பட்டாபிராமன், அவள் கையை விடாமல். "இன்னொரு தடவை எண்ணு."